காடி (கார்) கூரைத் துணியில எண்ணெய்க் கறையா? துணி தொங்காம எடுக்கறது எப்படி, முழு வழிகாட்டி

மலேசியாவுல எங்க பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் அஞ்சாறு வருஷம் ஓடுன எந்தக் காடியில ஏறி மேல பாத்தாலும் ரெண்டு எடத்துல கருப்பா இருக்கும். டிரைவர் சீட்டுக்கு மேல தலை ஒரசுற எடம் ஒண்ணு, பின் சீட்டு கைப்பிடிய சுத்தி இன்னொண்ணு. கஞ்சில் மாதிரி கூரை தாழ்வா இருக்கற சின்னக் காடின்னா கேக்கவே வேணாம், கொஞ்சம் உயரமான ஆளு தலைக்கு தேங்காயெண்ணெய் வச்சிட்டு தெனமும் ஓட்டுனா ஆறே மாசத்துல தெரிய ஆரம்பிச்சிரும். பிள்ளைங்க பீசாங் கோரெங் (எண்ணெயில பொரிச்ச வாழைப்பழம்) சாப்பிட்ட கையோட கைப்பிடிய புடிக்கும், பட்டறையில வேல பாக்கறவரு கிரீஸ் கையோட சன்வைசர (முன்னால வெயில் மறைக்கற தட்டு) இறக்குவாரு, மில்லுல வேல பாக்கறவங்க ஹெல்மெட்டோட ஏறுவாங்க. இது பத்தாதுன்னு தோட்டத்து செம்மண் ரோட்டுல கண்ணாடிய இறக்கிட்டு போறப்ப வர்ற தூசி மொத்தமும் அந்த எண்ணெய் மேல போய் ஒட்டிக்கும், அதனாலதான் வெறும் எண்ணெய்க் கறை கூட அழுக்கு கலர்ல தெரியுது.

இத எடுக்க முடியும், பெரும்பாலும் நல்லாவே எடுக்க முடியும். ஆனா நாற்காலி துணிய தேய்க்கற மாதிரி தண்ணிய ஊத்தி பிரஷ் போட்டு தேய்ச்சீங்கன்னா கறை போகும், கூடவே கூரையும் தொங்கும். அதனால மொதல்ல அந்த கூரை எப்படி செஞ்சிருக்காங்கன்னு தெரிஞ்சிக்கணும், இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மத்தது எல்லாம் தானா புரியும்.

நீங்க கைவச்சு பாக்கறது மேல் துணி, அது மெல்லிசான பாலியஸ்டர் துணி. அதுக்கு பின்னாடி சில மில்லிமீட்டர் தடிப்புல ஒரு பஞ்சு, அந்த பஞ்சுதான் பசை போட்டு ஒரு கெட்டி பலகை மேல ஒட்டியிருக்கும். துணிய தாங்கிப் புடிக்கறது ஆணியும் கெடையாது தையலும் கெடையாது, அந்த பசையும் பஞ்சும் மட்டும்தான். நம்ம நாட்டு சூடும் ஈரமும் வருஷக்கணக்கா பட்டு பஞ்சு உள்ளுக்குள்ள மக்கி மாவா போயிரும், பழைய காடியில கூரை தொங்கறது இதனாலதான். இந்த நெலமையில இருக்கற பஞ்சுல தண்ணி ஊறுனாலோ, சூடான நீராவி பட்டாலோ, தின்னர் மாதிரி எதாச்சும் எறங்குனாலோ பசை விட்டுரும். அழுத்தி தேய்ச்சாலும் பஞ்சு கிழிஞ்சு துணி தனியா வந்துரும், ஒருவாட்டி விட்டுருச்சுன்னா மறுபடி அதே எடத்துல ஒட்ட வைக்கறது நடக்காத காரியம். ஆக மொத்தம் நம்ம வேல என்னன்னா பஞ்சு வரைக்கும் ஈரம் போகாம, மேல் துணியில இருக்கற எண்ணெய மட்டும் வேற துணிக்கு மாத்தி எடுக்கறது.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையால ஒரு சோதனை

விரல் நுனியால கறைக்கு பக்கத்துல மெதுவா அழுத்துங்க. அழுத்துன எடம் மெத்துன்னு எழும்பி வந்தா பஞ்சு உயிரோட இருக்கு, தாராளமா வேலைய ஆரம்பிக்கலாம். அழுத்துனா மொறமொறன்னு உள்ள நொறுங்கற மாதிரி இருந்தாலோ, துணி பலகைய விட்டு தனியா நகந்தாலோ, சீட்டு மேல மஞ்ச தூள் கொட்டியிருந்தாலோ ஈர வேல எதுவும் வேணாம். காஞ்ச டிஷ்யூவால ஒத்தி எடுக்கறதோட நிறுத்திக்குங்க, அதுக்கு என்ன செய்யலாம்னு கடைசியில சொல்றேன்.

அடுத்தது, அது நெசமாவே எண்ணெய்தானான்னு பாக்கணும். வெள்ளை டிஷ்யூவ கறை மேல உள்ளங்கையால அரை நிமிஷம் அழுத்திப் புடிச்சிட்டு எடுத்து வெளிச்சத்துக்கு நேரா காட்டுங்க, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியற புள்ளி இருந்தா எண்ணெய். பழைய கறையில டிஷ்யூ சுத்தமா வரும், அப்ப அந்த டிஷ்யூவுல லேசா ஆல்கஹால் நனைச்சு ஒத்திப் பாருங்க, பழுப்பா இறங்குனா எண்ணெய்தான். ஓரத்துல பழுப்பு கோடு போட்டு நடுவுல வெளுத்து வட்டமா இருந்தா அது தண்ணிக் கறை, மேல எங்கயோ மழைத்தண்ணி ஒழுகுது, ஏரியல் அடிப்பாகத்துலயோ சன்ரூஃப் தண்ணி போற குழாய்லயோ பாக்கணும். ஒழுக்க அடைக்காம கறைய எடுக்கறதுல அர்த்தமே இல்ல, அடுத்த மழைக்கு திரும்ப வரும்.

கூரை என்ன துணின்னும் பாத்துக்குங்க. பழைய காடி சிலதுல ரெக்சின் மாதிரி வழவழப்பா இருக்கும், அதுக்கு சவக்காரத் தண்ணி நனைச்ச துணியால துடைச்சாலே போதும், இந்த பாடு எல்லாம் வேணாம். வெலை கூடுன காடியில மான்தோல் மாதிரி மெத்துன்னு இருக்கும், அதுக்குன்னு தனி கிளீனர் இருக்கு, அத வாங்கிக்குங்க. இங்க சொல்றது சாதாரண துணிக் கூரைக்கு.

என்னென்ன வேணும்

ஃபார்மசியில காயத்துக்கு விக்கற 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு சின்ன போத்தல். பாத்திரம் கழுவுற லிக்விட், கலர் கம்மியா இருக்கறது நல்லது. சோளமாவு கொஞ்சம். வெள்ளைக் கலர் மைக்ரோஃபைபர் துணி ஒரு ஏழெட்டு. இந்த வெள்ளை முக்கியம், கலர் துணி ஈரம் பட்டு சாயம் விட்டா இருக்கற கறையோட புது கறையும் சேந்துரும், அதோட அழுக்கு இறங்குதா இல்லையான்னும் தெரியாது. மெத்துன்னு இருக்கற பல்துலக்கி ஒண்ணு, பேபிக்குன்னு விக்கறாங்க பாருங்க அந்த மாதிரி. வேக்கும், அதுக்கு மயிர் பிரஷ் வாய். சீட்ட மூட பழைய துணி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, கைக்கு கையுறை. கண்ணாடி சும்மா பேருக்கு சொல்லல, மேல பாத்துக்கிட்டே செய்யற வேல, சொட்டுனா நேரா கண்ணுலதான் விழும்.

எது வேணாம்னு தெளிவா சொல்லிடறேன், ஏன்னா பட்டறையில இருக்கறத எடுத்து போட்டுடறாங்க. பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய், நகப்பாலிஷ் எடுக்கறது, இது எதுவும் வேணாம், எல்லாமே பசையோ பஞ்சோ எதாச்சும் ஒண்ண கெடுக்கும், மூடுன காடிக்குள்ள தீ ஆபத்து வேற. குளோரோக்ஸ் மாதிரி பிளீச் போட்டா துணி மஞ்சளாவோ திட்டுத்திட்டாவோ வெளுக்கும். துரு கழட்ட அடிக்கற ஸ்ப்ரே அதுவே எண்ணெய்தான், எண்ணெய் மேல எண்ணெய் அடிக்காதீங்க. டப்பாவுல கெட்டியா வர்ற பாத்திர பேஸ்ட் துணிக்குள்ள போய் தங்கிரும், அத அலசி எடுக்க தண்ணி ஊத்தணும், அதுதான் இங்க முடியாதே. சுவத்துல கறை எடுக்கற வெள்ளை மேஜிக் ஸ்பாஞ்சு உப்புத்தாள் மாதிரி சுரண்டும், துணி பூ பூவா கெளம்பிரும். கார் வாஷ்ல ஸ்டீம் அடிக்கலாமான்னு கேட்டாலும் கூரைக்கு மட்டும் வேணாம்னு சொல்லிருங்க.

எப்ப, எங்க வச்சு செய்யறது

காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, இல்லன்னா சாயங்காலம் தகரம் ஆறுனப்புறம், நிழல்ல. மத்தியான வெயில்ல நின்ன காடியோட கூரைத் தகரம் கொதிக்கும், அந்த சூட்டுல பசை ஏற்கனவே எளகி இருக்கும், நீங்க போடற நுரையும் தொடைக்கறதுக்குள்ள காஞ்சு வட்டக்கறை விட்டுரும். சாயங்காலம் மழை வர்ற மாதிரி இருந்தா போர்ச்சுக்குள்ள போட்டு செய்யுங்க, எப்படியும் எல்லா கதவும் தொறந்து இருக்கணும். ஆல்கஹால் சுலபமா தீ புடிக்கற பொருள், பக்கத்துல யாரும் சிகரெட் பத்த வைக்கக் கூடாது, சாமி கும்பிடற வெளக்கு சூடம் எதுவும் கிட்ட இருக்கக் கூடாது. மேல் வெளக்க அணைச்சு ஆற விடுங்க, வெளக்கு சுவிட்சு, ஃபோன் பேசற மைக்கு ஓட்டை இதையெல்லாம் பிளாஸ்டிக் வச்சு மூடிருங்க.

இன்னொண்ணு, புது காடிகள் பலதுல ஓரத் தூண்ல எஸ்.ஆர்.எஸ் ஏர்பேக்னு எழுதியிருக்கும், அந்த பை கூரையோட ரெண்டு ஓரத்துலயும் துணிக்கு பின்னாடி மடிச்சு வச்சிருப்பாங்க. அதனால ஓரத்த இழுத்து கழட்டிப் பாக்கறது, இடுக்குல எதையாச்சும் விட்டு நெம்பறது இதெல்லாம் செய்யவே கூடாது.

இப்ப வேலைக்கு வருவோம்

மொதல் வேல தூசி. பிரஷ் வாய வச்சு வேக்கும் பண்ணுங்க, கறை மேல மட்டும் இல்ல, முழு கூரையும், முன்னால இருந்து பின்னாலன்னு ஒரே தெசையில. அழுத்தாதீங்க, வேக்கும் இழுக்கற இழுப்புல துணியே எழும்புதுன்னா பவர குறைங்க. செம்மண் தூசி இருக்கறப்ப ஈரம் பட்டுச்சுன்னா அது சேறு, அந்த செவப்ப எடுக்கறது எண்ணெய எடுக்கறத விட கஷ்டம், அதனால இந்த படிய யாரும் தாண்டக் கூடாது.

கறை புதுசா இருந்தா, அதாவது இன்னிக்கோ நேத்தோ பட்டதா இருந்தா, சோளமாவு வேல செய்யும். கூரையில மாவ எப்படி நிக்க வைக்கறதுன்னு கேப்பீங்க. மேக்கப் பிரஷ் மாதிரி மெத்துன்னு இருக்கறதுல மாவ தொட்டு கறை மேல ஒத்தி ஒத்தி எடுத்தா எண்ணெய் இருக்கற எடத்துல மட்டும் மாவு தானா புடிச்சிக்கும், மிச்சம் கொட்டிரும். அரை மணி நேரம் விட்டு வேக்கும்ல இழுங்க, மாவு நிறம் மாறி கட்டியா வந்தா இன்னொருவாட்டி போடுங்க. பழைய கறைக்கு இதனால பெருசா ஒண்ணும் ஆகாது, நேரா அடுத்ததுக்கு போயிருங்க.

அடுத்து ஆல்கஹால். மொதல்ல சன்வைசர இறக்கி அதுக்கு பின்னாடி மறைஞ்சிருக்கற துணியில ஒரு சொட்டு அளவு ஒத்திப் பாருங்க, பத்து நிமிஷம் கழிச்சு நெறம் மாறல, துணி எளகலன்னா கறைக்கு போகலாம். ஆல்கஹால ஒருபோதும் கூரை மேல நேரா அடிக்காதீங்க, மைக்ரோஃபைபர் துணியில அடிங்க, அந்த துணி ஈரமா இருக்கணும், புழிஞ்சா சொட்டக் கூடாது. விரல்ல சுத்திக்கிட்டு கறையோட வெளி ஓரத்துல இருந்து நடுவுக்கு ஒத்திக்கிட்டே வாங்க. தேய்க்கறது இல்ல, ஒத்தறது. நடுவுல ஆரம்பிச்சா எண்ணெய் வெளிய பரவி கறை பெருசாகும்.

ரெண்டு மூணு ஒத்தல்ல அந்த வெள்ளைத் துணியப் பாருங்க, தேத்தண்ணி கலர்ல ஒரு தடம் இருக்கும், தலையெண்ணெய்னா மங்கலான பழுப்பு, கிரீஸுன்னா சாம்பலும் கருப்பும். அந்த பக்கத்த உள்ள மடிச்சு சுத்தமான பக்கத்த வெளிய எடுங்க. மறுபடி ஆல்கஹால், மறுபடி ஒத்தல், உடனே பின்னாடியே காஞ்ச துணியால ஒரு ஒத்தல், ஏன்னா ஆல்கஹால் எண்ணெய கரைச்சு மேல கொண்டு வரும், அந்த நேரத்துல காஞ்ச துணி அத உறிஞ்சலன்னா அது ஆவியாகிட்டு எண்ணெய அங்கயே விட்டுட்டு போயிரும். இந்த காஞ்ச ஒத்தல்தான் பாதி வேல, இத நெறைய பேரு விட்டுடறாங்க, அப்புறம் கறை போகவே மாட்டேங்குதுன்னு சொல்றாங்க. மடிக்க மடிக்க தடம் வெளுத்துக்கிட்டே வரும், வெளுக்கறது நின்னதும் நிறுத்திருங்க. ஒரே எடத்துல ரொம்ப நேரம் ஈரமா வச்சிருக்கக் கூடாது, அஞ்சு நிமிஷம் செஞ்சிட்டு காய விட்டு திரும்ப வாங்க.

அதுக்கு மேலயும் நிழல் மாதிரி தெரிஞ்சா நுரை. ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணியில, கிட்டத்தட்ட 250 மில்லி, அரை டீஸ்பூன் பாத்திர லிக்விட் விட்டு முட்டை அடிக்கறதாலயோ முள்கரண்டியாலயோ நல்லா அடிங்க. மேல நிக்குதுல்ல அந்த நுரை மட்டும்தான் நமக்கு, கீழ இருக்கற தண்ணியில துணி படவே கூடாது. நுரைய பல்துலக்கியில எடுத்து கறை மேல வச்சு, எடையே குடுக்காம, ஒரே தெசையில நாலஞ்சு இழுப்பு, சுத்தி சுத்தி தேய்க்காதீங்க. ஒரு நிமிஷம் விட்டு, சுத்தமான தண்ணியில நனைச்சு முறுக்கிப் புழிஞ்ச துணியால நுரைய துடைச்சு எடுங்க, அப்புறம் காஞ்ச துணி. சவக்காரம் தங்குனா கொஞ்ச நாள்ல அதுவே தூசிய இழுத்து பழைய எடத்துலயே கறை வந்துரும், அதனால அந்த தண்ணித் துணிய ரெண்டு மூணு வாட்டி அலசி அலசி ஒத்துங்க.

இப்ப கறை போயிருக்கும், ஆனா அந்த எடம் மட்டும் பளிச்சுன்னு வெளுப்பா தெரியும், சுத்தி இருக்கறது எல்லாம் இத்தனை வருஷ அழுக்கு. இத அப்படியே விட்டா ஓரத்துல வட்டம் புடிக்கும். அதனால மைக்ரோஃபைபர்ல கொஞ்சமா நுரைய தொட்டு, ஒரு ஓரத்துல இருந்து எதிர் ஓரம் வரைக்கும், நடுவுல எங்கயும் நிறுத்தாம நீளமா ஒரு இழுப்பு, அடுத்த இழுப்பு அதுக்கு பக்கத்துல, இப்படி அந்த பாகம் முழுக்க லேசா ஒரு கை பாத்துருங்க, அப்புறம் புழிஞ்ச தண்ணித் துணியால அதே மாதிரி. கை வலிக்கும், கழுத்து வலிக்கும், நடுவுல எறங்கி நின்னு கழுத்த நீட்டிக்குங்க, ஆனா ஒரு இழுப்ப பாதியில விடாதீங்க.

காய வைக்கறது எப்படின்னா, கதவு தொறந்து போட்டு வீட்டு காத்தாடிய உள்ள பாத்து வைங்க, நாலஞ்சு மணி நேரம். ஹேர் டிரையர் சூடு வேணாம். கண்ணாடிய மூடிட்டு வெயில்ல போட்டா சீக்கிரம் காயும்னு நெனைக்காதீங்க, உள்ள இருக்கற ஈரம் ஆவியாகி அந்த கூரைக்கே போய் ஒட்டும், பூஞ்சை வாடை வர்றதும் இதனாலதான். மழை நாளா இருந்தா எஞ்சின போட்டு ஏசிய கொஞ்ச நேரம் ஓட விடுங்க, ஏசி காத்துல இருக்கற ஈரத்த இழுத்துரும், ஆனா போர்ச்ச விட்டு காடிய வெளிய எடுத்துட்டு போடுங்க, எஞ்சின் புகை வீட்டுக்குள்ள போகக் கூடாது.

மறுநாள் பகல் வெளிச்சத்துல பாருங்க. கறை லேசா திரும்பி வந்திருந்தா பயப்பட வேணாம், பஞ்சுல இறங்கியிருந்த எண்ணெய் துணி காயறப்ப மேல ஏறி வந்திருக்கு, அவ்வளவுதான். ஆல்கஹால் ஒத்தல மட்டும் திரும்ப செய்யுங்க. ஒரே நாள்ல முடிச்சே தீரணும்னு ஊற வைக்கறத விட ரெண்டு மூணு நாள் விட்டு விட்டு செய்யறதுதான் கூரைக்கு நல்லது.

சில கறைகளுக்கு தனி கவனம்

கறி கறை. கடையில பொங்குஸ் (பார்சல்) கட்டுன கறி பாக்கெட்டு மடியில அமுங்கி தெறிச்சு மேல வரைக்கும் போறது நடக்கறதுதான். கெட்டியா இருக்கறத ஸ்பூனால வழிச்சிட்டு மேல சொன்ன மாதிரி எண்ணெய எடுத்தப்புறமும் மஞ்ச கலர் நிக்கும். சவக்காரம் பட்டதும் அந்த மஞ்ச திடீர்னு செவப்பா மாறலாம், மஞ்சளோட சுண்ணாம்பு சேத்தா குங்குமக் கலர் வர்ற அதே விஷயம், கறை மோசமாகலை, நல்லா துடைச்சு எடுத்தா பழையபடி மஞ்சளாயிரும். மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. கூரை முழுசா காஞ்சப்புறம் கண்ணாடிய கொஞ்சம் இறக்கி விட்டு அந்தப் பக்கம் வெளிச்சம் படற மாதிரி சில நாள் காடிய நிறுத்துங்க, தானா வெளுத்துக்கிட்டே வரும்.

செம்பனை மில்லு எண்ணெய், அதாவது சுத்திகரிக்காத பாமாயில், ஆரஞ்சு செவப்புல இருக்கும், ஆறுனா மெழுகு மாதிரி பாதி கெட்டியா நிக்கும். இதுக்கு நுரைத் தண்ணி ஆறிப் போயிருக்கக் கூடாது, வெதுவெதுப்பா இருந்தாதான் எளகும். அந்த செவப்பும் வெளிச்சத்துல மங்கற கலர்தான், அதனால கடைசியா நிக்கற சாயத்துக்காக துணிய போட்டு தேய்க்க வேணாம்.

கருப்பு கிரீஸ், சங்கிலி எண்ணெய், புல்லு வெட்டற மெஷின ஏத்தறப்ப பட்ட அழுக்கு, இதுதான் இருக்கறதுலயே கஷ்டமானது. எண்ணெய் கரைஞ்சாலும் அதுல இருக்கற கரியும் இரும்புத்தூளும் நூல் இடுக்குல மாட்டிக்கும். மொதல்ல காஞ்ச டிஷ்யூவால அழுத்தாம தூக்கி எடுங்க, ஆல்கஹால் ஒத்தறப்ப ஒவ்வொரு ஒத்தலுக்கும் துணியோட புது பக்கம் வேணும், அதே பக்கத்த திரும்ப வச்சா கரிய நீங்களே திரும்ப பூசற மாதிரி. முக்காவாசி போகும், லேசான சாம்பல் நிழல் நின்னா அதோட விட்டுருங்க, அந்த நிழலுக்காக துணிய கிழிச்சிக்கறது லாபம் இல்ல.

சிகரெட் பிடிக்கறவங்க காடியில கூரை முழுக்க மஞ்சளா பசபசன்னு இருக்கும். அங்க ஒரு எடத்த மட்டும் தொட்டீங்கன்னா வெள்ளைத் திட்டு பளிச்சுன்னு தெரியும், முழு கூரையும் பாகம் பாகமா நுரை போட ரெடியா இருந்தா மட்டும் கைவைங்க.

பஞ்சு ஏற்கனவே போயிருந்தா

மொதல் சோதனையில மொறமொறன்னு நொறுங்குன கூரைக்கு கிளீனிங் வேல இல்ல, காடி சீட்டு, கூரைத் துணி மாத்தற குஷன் கடை வேல. ஊசி குத்தி நிறுத்தறது, துணிக்கு பின்னாடி பசை ஸ்ப்ரே அடிக்கறதுன்னு சொல்வாங்க, மக்கிப் போன பஞ்சு மேல எந்த பசையும் நிக்காது, கொஞ்ச நாள்ல திரும்ப தொங்கும், பசை ஊறி புதுக் கறையும் வரும். சரியான வேல என்னன்னா பலகைய முழுசா கழட்டி, பழைய துணிய உரிச்சு, ஒட்டியிருக்கற பஞ்சு மாவ சுத்தமா சுரண்டி எடுத்துட்டு, பின்னாடி பஞ்சு சேத்தே வர்ற புதுத் துணிய சூடு தாங்கற பசை போட்டு ஒட்டறது. குடுக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேட்டுக்குங்க: பலகைய மடக்காம எப்படி வெளிய எடுப்பாங்க, பழைய பஞ்ச சுரண்டுவாங்களா இல்ல மேலயே ஒட்டுவாங்களா, ஏர்பேக் இருக்கற காடியில இதுக்கு முன்னாடி செஞ்சிருக்காங்களா. துணி கலர கடையில டியூப் லைட்டுல பாத்து முடிவு பண்ணாதீங்க, சாம்பிள வாங்கி காடிக்குள்ள சன்வைசர் பக்கத்துல வச்சு பாருங்க. காடிய திரும்ப எடுக்கறப்ப மேல் வெளக்கு எரியுதா, கைப்பிடி ஆடாம இருக்கா, டேஷ்போர்டுல ஏர்பேக் வெளக்கு கொஞ்ச நேரத்துல அணைஞ்சிருதா, இத்தனையும் பாத்துட்டு அப்புறமா காச எண்ணிக் குடுங்க.